எட்டு மில்லிநொடி வேலை

ஜான்டிராவின் கோப்பு நான்கு கிலோபைட். அதை எடுத்துப் படிக்க ஹார்ட் டிஸ்குக்கு எட்டு மில்லிநொடி போதும். ஒருவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் பத்து ஜான்டிராக்களைப் படித்து முடித்துவிடும். அந்தக் கோப்பு நேற்று மதியம் மூன்று மணியிலிருந்து காத்துக்கொண்டிருந்தது.

மற்றதெல்லாம் தயாராக இருந்தது. சிறுநீரகத்தில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் ஏறிவிட்டது, குரிட்டிபா நகரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்று புறநகர் அவசர நிலையத்து மருத்துவர் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் படுக்கை ஒன்று காலியாக இருந்தது. விரிப்பும் மாற்றியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. ஓட்டுநர் அதற்குள் இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டார். அனுமதிக் கோப்பு மட்டும் மாநிலத் தரவு வாரியத்தின் டிஸ்கிலிருந்து வெளியே வரவில்லை. அது வராமல் ஆஸ்பத்திரிக் கதவு திறக்காது. படுக்கையை இன்று மாலை ஆறு மணி வரை வைத்திருப்பார்கள். அதற்கு மேல் அடுத்தவருக்கு.

ஜான்டிராவின் கணவன் வால்டெசிர் அந்த வாரியத்தில்தான் மூன்றாம் நிலைத் தொழில்நுட்பப் பணியாளன். கோப்பு ஏன் வரவில்லை என்பது உலகத்திலேயே அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை வரவிடாமல் வைத்திருக்கும் நிரலை எழுதியவன் அவன். எழுதச் சொன்னார்கள், எழுதினான்.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை கெர்னல் தன் போக்கில் வேலை செய்துகொண்டிருந்தது. கெர்னல் என்பது எந்திரத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டு, டிஸ்கை யார் எப்போது தொடலாம் என்று தீர்மானிக்கும் நிரல். அது லிஃப்ட் மாதிரி நடந்துகொண்டது. டிஸ்கின் ஊசி மேலே போகும்போது வழியில் நிற்பவர்களையெல்லாம் ஏற்றிக்கொள்ளும். இறங்கும்போதும் அப்படியே. யாராவது ஐந்து நொடிக்கு மேல் நின்றுவிட்டால், மற்றதை விட்டுவிட்டு அவரை முதலில் கவனிக்கும். யாரும் புகார் சொன்னதில்லை. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் டாக்டர் எவில்லாசியோ வாரியத் தலைவராக வந்தார். அவர் வைத்தியரும் அல்ல, ஆராய்ச்சி செய்தவரும் அல்ல. இந்த ஊரில் நாற்காலிக்குக் கைப்பிடி இருந்தால் டாக்டர்தான். முதல் வாரமே வால்டெசிரைக் கூட்டிக்கொண்டு எந்திர அறையைப் பார்வையிட்டார்.

"இங்க வரிசை எங்க இருக்கு?"

"உள்ள இருக்கு டாக்டர். கெர்னல்ல."

"அதுல முதியோர் வரிசை தனியா இருக்கா?"

"இல்ல டாக்டர். வழியில இருக்கிறவங்களை முதல்ல..."

"அப்ப ரெண்டாவது மாடியில நிக்கிற இருபது வயசுக்காரன், ஒன்பதாவது மாடியில நிக்கிற எண்பது வயசு அம்மாவுக்கு முன்னாடி ஏறிடுறான்?"

"எட்டு மில்லிநொடி முன்னாடி."

"சட்டத்துல மில்லிநொடிக்கு விலக்கு இருக்கா?"

இல்லை. ரொட்டிக்கடையில் இருக்கும் முன்னுரிமை வரிசை, வங்கியில் இருக்கும் முன்னுரிமை வரிசை, அரசாங்க டிஸ்கில் இல்லை என்பது பெரிய அவமானம் என்று முடிவாயிற்று. பதினோரு பேர் கொண்ட முன்னுரிமை ஆணையம் அமைந்தது. நாற்பது கூட்டம் நடந்தது. நாற்பதிலும் சீஸ் உருண்டை கொடுத்தார்கள்.

முதல் வகுப்பு, எண்பது தாண்டியவர்கள். இரண்டாம் வகுப்பு, அறுபது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், உடல் முடியாதவர்கள். இதுவரை வால்டெசிருக்கும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டாவது கூட்டத்தில் மூன்றாம் வகுப்பு வந்தது. அதன் பெயர் மரியாதை வகுப்பு. நீதிபதிகள், சட்டமன்ற உறுப்பினர்கள், முன்னாள் உறுப்பினர்கள், ஆணையத்தின் பதினோரு பேர். நான்காம் வகுப்பு, மூன்றாம் வகுப்பால் பரிந்துரைக்கப்பட்டவர்கள். ஐந்தாம் வகுப்பு, மீதிப்பேர். மேலே உள்ள நாலும் காலியானால்தான் ஐந்தைப் பார்க்கும். இரண்டு வருடத்தில் அது இரண்டு முறை நடந்திருக்கிறது. ஒன்று கார்னிவல் செவ்வாய். இன்னொன்று உலகக் கோப்பை அரையிறுதி.

ஐந்து நொடி விதியை எடுத்துவிட்டார்கள். "காத்திருக்கிறதையே ஒரு தகுதியா வெச்சா, எல்லாரும் காத்திருக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்றார் தலைவர்.

விதி ஏழின்படி, ஒரு கோரிக்கை காக்கவைக்கப்பட்டால் அதற்கான காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அதே டிஸ்கில். எல்லா வகுப்புக்கும் மேலே, பூஜ்ய வகுப்பில். அன்றிலிருந்து டிஸ்க் பத்து தடவை சுழன்றால் ஒன்பது தடவை, தான் ஏன் வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தது.

விதி பதினொன்றின்படி, மரியாதை வகுப்பினரைக் காக்கவைக்கக் கூடாது. அவர்கள் கேட்ட மறுகணமே திரையில் 'ஆயிற்று' என்று காட்டிவிட வேண்டும். உண்மையில் ஆவது பிறகு ஆகட்டும்.

ஐந்து நொடி விதியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வால்டெசிர் பதினோரு மாதத்துக்கு முன் ஒரு மாற்றக் கோரிக்கை போட்டான். அது ஐந்தாம் வகுப்பில் நின்றுகொண்டிருக்கிறது.

காலை ஒன்பது மணிக்கு அவன் தரைத்தளத்துக்கு இறங்கினான். பணியாளன் தன் குடும்பக் கோப்பைத் தானே தொட்டால் வேலை போய்விடும். எல்லோரையும் போல் கவுண்டரில்தான் கேட்க வேண்டும். ஏழு கவுண்டர். ஆறு முன்னுரிமைக்கு. ஏழாவது மற்றவர்களுக்கு. அதில் ஆள் இல்லை, ஒரு பூந்தொட்டி இருந்தது. மூன்றாவதில் தோனா சுல்மிரா, அதாவது சுல்மிரா அம்மா, இருந்தாள். அவனுக்குத் தெரிந்தவள்.

"என்ன வால்டெசிர், மேல இருக்கிறவன் கீழ வந்திருக்க?"

"ஜான்டிராவோட அனுமதி நிக்குது, தோனா சுல்மிரா. ஆறு மணிக்குள்ள வரணும்."

அவள் தட்டிப் பார்த்தாள். "பதினாலாயிரத்து இருநூத்திப் பன்னெண்டாவது. அஞ்சாம் வகுப்பு. என்ன வயசு அவளுக்கு?"

"முப்பத்தொண்ணு."

"கர்ப்பமா?"

"இல்ல."

"கைக்குழந்தை?"

"இல்ல."

"என்னப்பா, ரெண்டு பேரும் இத்தனை வருஷமா என்னதான் பண்ணீங்க?" என்றாள், வருத்தத்தோடுதான்.

"அவ சாகக் கிடக்கிறா."

"அந்தக் கட்டம் இதுல இல்லையே, கண்ணு." திரையை அவன் பக்கம் திருப்பினாள். உண்மையிலேயே இல்லை. அந்தப் படிவத்தைச் செய்தவனும் அவன்தான்.

எண்சீட்டு எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒரு மனிதர் அவித்த பைன் கொட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். பெயர் ஒஸ்மார்.

"பதறாத தம்பி. நான் வந்தப்ப எனக்கு அம்பத்தெட்டு."

"எதுக்காகக் காத்திருக்கீங்க?"

"வீட்டுப் பத்திரத்துக்குத்தான் வந்தேன். இப்ப அதுக்காக இல்ல. மனுவை அஞ்சாம் வகுப்புல போடாம கையிலயே வெச்சிருக்கேன். மார்ச் ஒன்பதாம் தேதி எனக்கு அறுபது. ஆனதும் ரெண்டாம் வகுப்பு. உன் வீட்டுக்காரிக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?"

"இருபத்தொன்பது வருஷம்."

ஒஸ்மார் மெல்ல விசிலடித்தார். "சாப்பாடு கொண்டு வந்திருக்கியா?"

பதினொன்றரைக்கு அவசர நிலையத்திலிருந்து நர்ஸ் ஐவெத்தே கூப்பிட்டாள். "பிரஷர் எம்பதுக்கு அம்பது. மருந்து ஏத்தியும் நிக்கல. பேப்பர் எங்க வால்டெசிர்? நீ அங்கதான வேலை பாக்கிற?"

"அங்கதான்."

"அப்புறம்?"

போனை வைத்துவிட்டு, தலைவரைப் பார்க்க ஒன்பதாவது மாடிக்கு ஏறினான்.

டாக்டர் எவில்லாசியோ ஆணையத்தின் இரண்டாம் ஆண்டு விழாவுக்கு உரை தயாரித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். காப்பி கொடுத்தார். முழுக்கக் கேட்டார்.

"நம்ம பணியாளரோட கஷ்டம் என் கஷ்டம். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க மனைவிக்கு அவசரம்னு யார் தீர்மானிச்சது?"

"மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கார்."

"அது ஒரு அபிப்பிராயம். அவசரம்கறது உணர்ச்சி. வயசுங்கறது எண். அரசாங்கம் உணர்ச்சியை நம்பி நடக்க முடியுமா?"

"ஆறு மணிக்குப் படுக்கை போயிடும், டாக்டர்."

"படுக்கை வேற துறை. நம்ம வாரியத்தைப் பத்திப் பேசுவோம். இது இதுவரை ஒரு கோரிக்கையையாவது மறுத்திருக்கா? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க பாப்போம். மறுக்கிறது கொடுங்கோலன் செய்யற வேலை. நாம வரிசையில வைக்கிறோம். வரிசையில நிக்கிறவன்கிட்ட நம்பிக்கை இருக்கு. கையில கிடைச்சிட்டா அப்புறம் அது எங்க இருக்கும்?" இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துவிட்டது. உரையின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

"நீங்க பரிந்துரை செஞ்சா நாலாம் வகுப்பு கிடைக்கும்."

"செய்யலாம். ஆனா பணியாளருக்குச் செஞ்சா சலுகைன்னு பேசுவாங்க. நீங்க மட்டும் வெளியாளா இருந்திருந்தா கண்ணை மூடிக்கிட்டு செஞ்சிருப்பேன். நேத்துக்கூட என் மச்சினனுக்கு செஞ்சேன்."

வால்டெசிர் படியில் இறங்கினான். ஆறாவது மாடியில்தான் அவனுக்கு அனக்ளேட்டோவின் நினைவு வந்தது.

எல்லோரும் செவு, அதாவது ஐயா, என்று அழைக்கும் அனக்ளேட்டோவுக்கு எண்பத்தேழு வயது. ரயில்வேயில் பிரேக் பிடித்தவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தினமும் தொப்பி வைத்துக்கொண்டு வாரியத்தின் தரைத்தளத்துக்கு வந்துவிடுவார். வேலை ஆக வேண்டியவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னுரிமைக் கவுண்டருக்குப் போவார்கள். அந்த அரைமணி நேரத்துக்கு அவருக்கு ஒரு மகளோ மருமகனோ கிடைப்பார்கள். கூலி ஒரு கொஷீன்யா. கோழி வைத்துப் பொரித்த அந்த உருண்டைக்கு ஆசைப்பட்டுத்தான் வருகிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் சொன்னார்.

கெர்னலின் ஆழத்தில் ஒரு பழைய விதி இருந்தது. ஆணையத்துக்கு அது தெரியாது. பெரியவர் ஒருவரின் வேலை, சிறியவர் ஒருவரின் வேலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், பெரியவரின் வகுப்பு சிறியவருக்கு ஒட்டிக்கொள்ளும். முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தானே பின்னால் நிற்பவர் நகர முடியும். ஜான்டிராவின் ஆம்புலன்ஸ் சீட்டில் உடன் செல்பவர் என்று அனக்ளேட்டோவின் பெயரைச் சேர்த்தால் போதும். அவருடைய பக்கத்தைப் படிக்க வேண்டுமானால் அவளுடைய பக்கத்தை முதலில் படித்தாக வேண்டும்.

"ரெண்டு கொஷீன்யா" என்றார் அனக்ளேட்டோ.

"கடையையே வாங்கித் தரேன்."

"ரெண்டு போதும். மூணாவது நெஞ்சை அடைக்கும். நான் ஆம்புலன்ஸ்ல போகணுமா?"

"வேணாம். பேர் மட்டும்."

"போகலாம்னு பாத்தேன். சைரன் போட்டு நான் எங்கயும் போனதில்ல."

ஐவெத்தே பெயரைச் சேர்த்தாள். இரண்டே முக்கால் மணி. வால்டெசிர் கவுண்டர் மேல் எக்கித் திரையைப் பார்த்தான். ஜான்டிரா, ஐந்தாம் வகுப்பு. அனக்ளேட்டோ, ஐந்தாம் வகுப்பு.

"இவருக்கு எம்பத்தேழு!"

தோனா சுல்மிரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "உயிர்ச் சான்று நேத்தோட முடிஞ்சிருச்சு. வருஷா வருஷம் வந்து உயிரோட இருக்கேன்னு காட்டணும்ல? சான்று இல்லேன்னா வயசு ஓடாது."

"உன் முன்னாடிதான நிக்கிறேன், சுல்மிரா?"

"நான் பாக்கிறேன், செவு அனக்ளேட்டோ. சிஸ்டம் பாக்கலையே."

"தினம் வரேன். நேத்துகூட எட்டுப் பேருக்குத் துணைக்கு வந்தேன்."

"மத்தவங்க வேலைக்கு வந்தீங்க. உங்களுக்காக வரலையே."

புதுச் சான்றுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று கவுண்டர் அதிகாரி, இன்னொன்று மேலதிகாரி. அதுவும் டிஸ்கில் எழுதப்பட வேண்டும். உயிர் நிரூபிக்கப்படாதவர் என்பதால் ஐந்தாம் வகுப்பில்.

ஐந்து மணிக்கு டாக்டர் எவில்லாசியோ புகைப்படக்காரரோடு கீழே வந்தார். விழா மலருக்கு ஒரு முதியவர் தேவைப்பட்டார். அனக்ளேட்டோவின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். இரண்டு தடவை தொப்பியைச் சரிசெய்யச் சொன்னார். தோனா சுல்மிரா அந்த நேரத்தில் ஒரு காரியம் செய்தாள். முப்பது வருட வேலையில் அப்படி அவள் செய்ததில்லை. தன் கையெழுத்தைப் போட்ட சான்றுப் படிவத்தைத் தலைவரின் பேனாவுக்கு அடியில் தள்ளினாள். "படத்துல எழுதற மாதிரி இருந்தா நல்லாருக்கும், டாக்டர்." அவர் எழுதினார். தலைவரே கையெழுத்திட்டதால் அது மரியாதை வகுப்பில் போயிற்று. மறுகணம் திரையில் 'ஆயிற்று' என்று வந்தது.

"பொறந்தாச்சு" என்று அனக்ளேட்டோ தொப்பியைத் தூக்கினார்.

வால்டெசிருக்குத் தெரியும், ஆகவில்லை என்று. நான்காவது மாடி எந்திர அறைக்கு ஓடினான். அனக்ளேட்டோவின் சான்று வரிசையில் இரண்டாவதாக நின்றது. அது எழுதப்பட்டால் அவருக்கு முதல் வகுப்பு வரும். அவருக்கு வந்தால் ஜான்டிராவுக்கு ஒட்டும். ஐந்து முப்பத்தொன்று. ஐந்து முப்பத்தெட்டு. அனக்ளேட்டோ முதலாவதாக வந்தார். ஐந்து நாற்பதுக்கு ஆணையத்தின் மாதாந்திர அறிக்கை தொடங்கியது. இந்த மாதம் காக்கவைக்கப்பட்ட ஒவ்வொரு கோரிக்கையும், ஒவ்வொன்றுக்குமான காரணமும். பூஜ்ய வகுப்பு. அதன் இடுக்கில் அனக்ளேட்டோவின் சான்றுக்கு ஒரு சுழற்சி கிடைத்தது, பிறகு கிடைக்கவில்லை. திரையில் அவர் பெயருக்கு எதிரே 'எழுதப்படுகிறது' என்று நின்றது.

ஐவெத்தே கூப்பிட்டாள். "எழுபதுக்கு நாப்பது. அந்த ஆஸ்பத்திரியில கேக்கறாங்க, படுக்கையை அடுத்தவருக்குக் கொடுக்கவான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"லைன் சரியில்லைன்னு வெச்சுட்டேன். மறுபடி கூப்பிடுவாங்க. இன்னொரு தடவை அதையே சொல்ல முடியாது, வால்டெசிர்."

சுவரில் ஒரு சிவப்பு விசை இருந்தது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் கெர்னல் காலி வரிசையோடு எழுந்திருக்கும். ஆணையத்தின் விதிக் கோப்பும் டிஸ்கில்தான் இருந்தது. அதைப் படிக்கும்வரை பழைய லிஃப்ட்தான். அந்தக் கோப்புக்கு ஒரு வகுப்புக் கொடுக்க ஆணையம் மறந்துவிட்டது. அதனால் அதுவும் ஐந்தாம் வகுப்பு. பதில் வராத எந்திரங்கள் எல்லாம் தாமாகவே மறுபடி கேட்கும். 'ஆயிற்று' என்று பதில் வாங்கியவை மட்டும் கேட்காது.

வால்டெசிர் திரையைப் பார்த்தான். அனக்ளேட்டோ, எழுதப்படுகிறது.

விசையை இழுத்தான்.

விசிறிகள் நின்றன. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறையில் மழைச் சத்தம் கேட்டது. பத்து வரை எண்ணிவிட்டு விசையை மேலே தள்ளினான்.

ஐந்து ஐம்பத்து நாலுக்குக் கோரிக்கைகள் வரத் தொடங்கின. ஜான்டிரா நூற்றுப் பதினேழாவதாக வந்தாள். ஊசி போகிற வழியில் இருந்தாள். எட்டு மில்லிநொடி. ஐவெத்தே போனில் கத்தியது சைரனோடு சேர்ந்து கேட்டது. இரண்டு நிமிடத்துக்குள் பதினாலாயிரமும் முடிந்து, வரிசை காலியாயிற்று. கடைசியில் விதிக் கோப்புக்கும் முறை வந்தது. டிஸ்க் அதைப் படித்தது. எல்லாம் பழையபடி ஆயிற்று.

மறுநாள் ஆணையம் கூடியது. "ரெண்டு நிமிஷத்துல பதினாலாயிரம் பேருக்கு வேலை முடிஞ்சிருக்கு" என்றார் டாக்டர் எவில்லாசியோ. "ஒருத்தரும் தீர்மானிக்காம! யாருக்கு நன்றி சொல்றதுன்னுகூட அவங்களுக்குத் தெரியாது. அனாதைகளாக்கிட்டோம் அவங்களை."

ஜான்டிரா பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்கு வந்த அன்று அரைத் தட்டு சோறு தின்றாள். மறுநாள் முக்கால் தட்டு.

அனக்ளேட்டோவின் சான்றில் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதத் தொடங்கும் இடத்தில் மின்சாரம் போயிருந்தது. முன்பு அவருக்குச் சான்று மட்டும்தான் முடிந்திருந்தது. இப்போது அப்படி ஒருவர் இல்லை. ஓய்வூதியம் நின்றது. இன்னொரு சான்று போடலாம் என்றால் கவுண்டர் விடவில்லை. இந்த வருடத்துக்கு 'ஆயிற்று'. வருடத்துக்கு ஒன்றுதான். அடுத்த வருடம் போடுவதற்கு அவர் இருந்தாக வேண்டும். அவர் கையைப் பிடிக்க யாரும் வரவில்லை. ஐந்தாம் வகுப்புக்காரரைத் துணைக்கு அழைத்து என்ன செய்ய?

வால்டெசிருக்குப் பதினாறு பக்கத்தில் குற்றப்பத்திரிகை தயாராயிற்று. நான்கு குற்றங்கள். சாட்சிகள் பட்டியலில் மூன்றாவது பெயர் இப்படி இருந்தது: 'சம்பவ நேரத்தில் தரைத்தளத்தில் உயிருடன் நின்றிருந்த திரு. அனக்ளேட்டோ, வயது 87.' கீழே டாக்டர் எவில்லாசியோவின் கையெழுத்தும் தோனா சுல்மிராவின் கையெழுத்தும் இருந்தன. அவர் உயிரோடு இருந்ததற்கு இரண்டு கையெழுத்தோடு மாநிலத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆவணம் அதுதான். அது டிஸ்கிலிருந்து படிக்கப்பட்டு விசாரணை தொடங்கினால், சாட்சியை அழைத்தாக வேண்டும். அழைத்தால் அவர் இருக்கிறார் என்று ஆகிவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவனின் வயதை வைத்துக் குற்றப்பத்திரிகைக்கு வகுப்பு கொடுத்திருந்தார்கள்.

வால்டெசிர் தினமும் வந்தான். இரண்டு கொஷீன்யாவோடு. சில நாள் ஜான்டிராவும் வந்து, பெஞ்சில் அனக்ளேட்டோவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவுண்டருக்குப் போவதற்காக அல்ல.

"என்னோட குற்றப்பத்திரிகை வந்துச்சா, தோனா சுல்மிரா?"

"இல்ல கண்ணு."

"வேலையை விட்டுத் தூக்கட்டும். ஜெயில்ல போடட்டும். படிச்சாப் போதும். யார்கிட்ட கேக்கணும் சொல்லுங்க, போய் விழறேன்."

"விழறதுக்கும் வரிசைதான்."

மார்ச் ஒன்பதாம் தேதி ஒஸ்மார் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கை கொடுத்தார். முன்னுரிமைக் கவுண்டருக்குப் போனார். இருபது நிமிடத்தில் பத்திரத்தோடு வெளியேறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

"உனக்கு என்ன வயசு, வால்டெசிர்?" என்றாள் தோனா சுல்மிரா.

"முப்பத்து நாலு."

"இன்னும் இருபத்தாறு வருஷம். ஆனதும் ரெண்டாம் வகுப்பு. அன்னிக்கே படிச்சிடுவாங்க."

அனக்ளேட்டோ பெஞ்சிலிருந்தே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு நூத்திப் பதிமூணு. எனக்கு முதல் வகுப்பு கொடுப்பீங்கள்ல, சுல்மிரா?"

"உயிரோட இருக்கணும், செவு அனக்ளேட்டோ."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வால்டெசிர் எண்சீட்டு எடுக்கப் போனான்.